எட்டுக்கு ஒரு வீடு

பதின்மூன்றாம் எண் வீடு யாருடையது என்பது, பட்டியல் கைக்கு வந்த அன்றே லூசியாவுக்குத் தெரிந்துவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் கணிதத் துறையில் அவள் கௌரவ விரிவுரையாளர். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறாள். பங்குனி வெயில் ஏறும் நாட்களில் பிள்ளைகளை ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போய்க் கணக்கெடுப்புச் செய்யவைக்க வேண்டும். எந்தக் கிராமம் என்பதைத் துறைத்தலைவர் முத்துசாமி சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார். இந்த வருடம் வந்த சீட்டில் வானூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தபோது லூசியா மேசை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, குடிக்காமலேயே மூடியைத் திருகி வைத்தாள்.

அந்த ஊருக்குத்தான் அவளுடைய அண்ணி இருதயசெல்வி இரண்டாம் கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். கூடவே மகள் ஜெசியும்.

அண்ணன் வளன் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அப்பால் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தான். ஒரு நாள் விடிகாலை வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. ஜெசிக்கு அப்போது மூன்று வயது. அண்ணி ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அவளை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டு, "முப்பது வயசுகூட ஆவல உனக்கு. எத்தினி நாளைக்கு இந்தப் போட்டோவையே பாத்துக்கினு இருப்ப அண்ணி?" என்று முதலில் கேட்டவள் லூசியாதான். மாப்பிள்ளை பார்க்கத் தரகரிடம் சொல்லிவைத்ததும் அவள்தான். புகழேந்தி என்று ஒருவர் வந்தார். சென்ட்ரிங் வேலை. நல்ல மாதிரி. குழந்தையோடு கட்டிக்கொள்கிறேன் என்றார். அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். பழைய வீட்டு ஆட்கள் வந்துபோகக் கூடாது, பிள்ளை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று தவிக்கும் என்றாள். லூசியாவின் அம்மாவும் மாமாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். லூசியா அன்றைக்கு ஒரு தேர்வு எழுதப் பாண்டிச்சேரி போயிருந்தாள்; அந்த அம்மா அவளைப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து கேட்டபோது அது நியாயமாகத்தான் பட்டது. ஜெசியின் துணிகளை மடித்துப் பையில் வைத்தபோதும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு, காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜெசி பிடித்து இழுப்பதுபோலத் துப்பட்டா பின்னால் இழுக்கும், திரும்பிப் பார்த்தால் அது கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் நியாயம் எதற்கும் உதவவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வருடம். வாக்கை அவர்கள் மீறவில்லை.

பிள்ளைகள் போன சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய், வீட்டுக்கு வீடு சாக்கட்டியால் எண் போட்டு, குடும்பத் தலைவர் பெயர் எழுதி வந்திருந்தார்கள். தொண்ணூற்றாறு வீடு. அதில் பன்னிரண்டு வீட்டை எடுக்க வேண்டும். எட்டுக்கு ஒரு வீடு. முதல் எட்டில் எதைத் தொடுவது என்று மட்டும் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும், மிச்சமெல்லாம் எட்டு எட்டாகத் தானே வந்துவிழும்.

பதின்மூன்றில் 'புகழேந்தி' என்று இருந்தது. ஊரில் அந்தப் பெயரில் வேறு ஒருவரும் இல்லை. ஐந்து விழுந்தால் பதின்மூன்று வரும். வேறு எது விழுந்தாலும் வராது.

வகுப்பில் அன்று கேள்வித்தாளைப் பற்றிப் பேச்சு.

"வீட்ல எத்தன பேருன்னு கேட்டா வர்றது முழு எண்ணுதான். மூணு, நாலு, அஞ்சு. தண்ணி எத்தன லிட்டர்னு கேட்டா பதினெட்டரையும் வரலாம், பதினெட்டே முக்காலும் வரலாம். எங்கருந்து தண்ணி எடுக்கறீங்கன்னு கேட்டா? கொழாய், கெணறு, கேன். அது வெறும் பேரு. நாம அதுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுக்கறோம். ரெண்டு ஒண்ண விடப் பெரிசுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. தண்ணி போதுதான்னு கேட்டா நல்லா போதுது, ஓரளவு, போதல. அதுல வரிசை இருக்கு. ஆனா ஓரளவுக்கும் போதலைக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"மேடம்," என்று கலைப்பிரியா எழுந்தாள். ஒலக்கூரிலிருந்து வருகிற பெண். எதையும் கேட்காமல் விடமாட்டாள். "ஆளு முழு எண்ணுன்னு சொல்றீங்க. போன வருசம் சீனியருங்க எடுத்ததுல ஒரு வூட்டுக்கு சராசரி நாலு புள்ளி மூணு பேருன்னு வந்திருக்கு. அந்தப் புள்ளி மூணு யாரு மேடம்?"

"கோச்சிக்கினு போன மாமாவா இருக்கும்டி," என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. லூசியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரும்பலகையை அழிக்கத் திரும்பி, அழித்த இடத்தையே மறுபடியும் அழித்தாள்.

பிறகு கலைப்பிரியாவைத்தான் அழைத்தாள். புத்தகத்தின் பின்பக்க அட்டவணையை விரித்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைக்கச் சொன்னாள். பென்சில் நுனி ஒரு மூன்றின் மேல் நின்றது. கண் மூடிய பெண்ணின் இமை துடித்துக்கொண்டிருந்தது. லூசியா குனிந்து பார்த்தாள்.

"அஞ்சு," என்றாள்.

கலைப்பிரியா கண்ணைத் திறந்து அட்டவணையைப் பார்த்தாள். லூசியா அதற்குள் பலகைக்குப் போய் ஐந்து, பதின்மூன்று, இருபத்தொன்று என்று எழுதத் தொடங்கியிருந்தாள். கையெழுத்து எப்போதும்போல ஒழுங்காகவே விழுந்தது. அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது.

*

சனிக்கிழமை அந்த ஊரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி முடித்திருந்தார்கள். வேரோடு பிடுங்கிய செடிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வீட்டு வாசல்களில் குவித்திருந்தார்கள். எந்த வேப்பமரத்தடியைப் பார்த்தாலும் நாலைந்து பெண்கள் செடியைக் கையில் பிடித்துக் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் பச்சைக் கொடியும் சேர்ந்த வாசனை தெருவெல்லாம் இருந்தது. பத்து மணிக்கே வெயில் தாரில் கொதித்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனார்கள். கலைப்பிரியாவோடு வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். "நான் வர்றேன் உன்கூட," என்று லூசியா சொன்னாள்.

பதின்மூன்றாம் எண், மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற தளம் போட்ட வீடு. சாக்கட்டி எண் கதவு நிலையில் அழியாமல் இருந்தது. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலடியில் செடிக் குவியல். அதன் இரண்டு பக்கமும் மாமியாரும் மருமகளும்.

இருதயசெல்வி நிமிர்ந்தாள். கையிலிருந்த செடி அப்படியே நின்றது. சற்றுச் சதை போட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு. ஒரு கணம்தான். மறுபடியும் குனிந்து காயைக் கிள்ளினாள்.

"யாரு?" என்றாள் மாமியார் கிருஷ்ணவேணி. அறுபது வயதிருக்கும். முழங்கை வரை மண். "ரேசன் கார்டுல கைவைக்க வந்துக்கினு இருக்கீங்களா? அப்டினா மேல் தெருவுக்குப் போங்க. அங்கதான் செத்தவன் பேருலல்லாம் அரிசி வாங்குறானுங்க."

"இல்ல பாட்டி, நாங்க காலேஜி," என்று கலைப்பிரியா சிரித்தாள். "தண்ணி பத்திக் கணக்கெடுக்கிறோம். எல்லா வூட்டுக்கும் போவல. எட்டு வூட்டுக்கு ஒரு வூடு."

"எட்டுக்கு ஒண்ணா? அப்ப மீதி ஏழு வூட்டுக்காரன் தண்ணி குடிக்கறதில்லியா?"

"ஒரு பானை சோத்துல நாலு பருக்கய நசுக்கிப் பாக்கறோம் இல்ல, அந்த மாதிரி."

"அது செரி. ஆனா அடிப்பானை காந்திக் கெடந்தா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "உக்காருங்க. கேளுங்க ஜல்தியா. பொழுது சாயறதுக்குள்ள இத ஆயணும். எம்மா, மேடத்துக்கு சாக்கு எடுத்துப் போடு."

இருதயசெல்வி எழுந்து போய் ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து உதறி விரித்தாள்.

"உக்காருங்க மேடம்."

அண்ணியின் வாயில் லூசியா ஒருநாளும் 'மேடம்' ஆக இருந்ததில்லை. லூசி, ஏய் லூசி, அடியே. அவ்வளவுதான். அவள் உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு செடியை இழுத்துவைத்து ஆயத் தொடங்கினாள்.

"பாரேன், மேடம் ஆயுது! நல்லாத்தான் ஆயுது. எந்த ஊரு மேடம் நீங்க?"

"விக்கிரவாண்டி பக்கம்மா."

கிருஷ்ணவேணி தலையாட்டினாள். அந்த ஊர்ப் பெயர் அவளை ஒன்றும் செய்யவில்லை. எதிரே இருதயசெல்வியின் விரல்கள் மட்டும் வேகம் குறைந்தன.

கலைப்பிரியா கேள்வித்தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். குடும்பத் தலைவர் யார், என்ன தொழில். வீட்டில் எத்தனை பேர்.

"நானு, எம்புள்ள, மருமவ, பாப்பா, அவ தம்பி சின்னவன். அஞ்சு."

"பாப்பா யாரு பாட்டி? தலைவருக்கு என்ன உறவு?"

"இன்னா கேள்வி இது? மவதான். மவன்னு போடு. வேற இன்னா போடுவ?"

கலைப்பிரியா பேனாவை வைத்துக்கொண்டு லூசியாவைப் பார்த்தாள். ஒவ்வொரு உறவுக்கும் ஒரு எண் உண்டு, சரியான எண்ணைக் கேட்கத்தான் பார்த்தாள். இருதயசெல்வி நிமிரவில்லை.

"அவங்க சொல்றத எழுதும்மா," என்றாள் லூசியா. "நம்ம வேல அதுதான். மூணு போடு. மகள்."

அப்போதுதான் தெருமுனைக் குழாயிலிருந்து ஒரு சிறிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெசி வந்தாள்.

லூசியா மனத்தில் வைத்திருந்த ஜெசி நான்கு வயதுக்காரி. ஐந்து வருடத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் வைத்திருந்தாள், ஆனாலும் கணக்கில் வந்தது வேறு, வந்து நிற்பது வேறு. கால் நீண்டிருந்தது. முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்திருந்தன. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாட்டி நீட்டிய அவித்த மல்லாட்டையை வாங்கக் கை நீட்டினாள். இடது கை.

"பீச்சாங்கைய நீட்டுது பாரு! சோத்தாங்கையில வாங்குடி. எத்தினி தடவ சொல்றது?"

லூசியாவின் அம்மா இதையே, இதே கோபத்தோடு, வளனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆன பிறகும் சொன்னாள். அவன் பரோட்டா வீசியதும் இடது கையால்தான்.

ஜெசி வலது கையில் வாங்கி, இடது கைக்கு மாற்றி, உரித்தாள். லூசியாவுக்குப் பக்கத்தில் வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலையில் தேங்காயெண்ணெயும் வெயிலும் மணத்தன.

"உம் பேரு இன்னா பாப்பா?" என்றாள் கலைப்பிரியா.

"பு. ஜெசி. நாலாவது."

'வ' இருந்த இடத்தில் 'பு'. யோசிக்காமல் சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அனுப்பினோம் என்று லூசியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது உள்ளே இறங்கவில்லை. தொட்டுவிடும் தூரத்தில் அந்தத் தோள். ஒரு காயை எட்டி எடுப்பதுபோலச் சாய்ந்தால் போதும். அவள் சாயவில்லை. பயமாக இருந்தது. தொட்டால் கேள்வி கேட்கிறவளாக இருக்க முடியாது.

ஜெசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள நான் பாத்திருக்கேன் மேடம்."

இருதயசெல்வியின் கையிலிருந்து காய்கள் கூடைக்கு வெளியே விழுந்தன.

"எங்க பாத்த?" என்றாள் லூசியா. தன் குரல் சாதாரணமாக வந்ததே என்று இருந்தது.

ஜெசி யோசித்தாள். உரித்த பருப்பை வாயில் போடாமல் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, எங்கேயோ தூரத்தில் தேடினாள். லூசியா அந்த முகத்தையே பார்த்தாள். கண்டுபிடித்துவிடேன் என்றும், கண்டுபிடித்துவிடாதே என்றும் அவளுக்குள் ஒரே நேரத்தில் இருந்தது.

"தெரியல," என்றாள் ஜெசி.

"திண்டிவனத்துல பாத்திருப்ப. துணி எடுக்கப் போனோமே," என்றாள் கிருஷ்ணவேணி. "டவுன்ல அல்லா மேடமும் ஒரே மாரிதான் இருக்குது. நீங்க சொல்லுங்க, உங்களுக்குக் கொழந்தங்க எத்தினி?"

"கல்யாணம் ஆவலம்மா."

"ஐயோ. ஏன்?"

"அப்டியே போயிடுச்சி."

"போச்சின்னா விட்டுடறதா? எங்க மருமவளயே எடுத்துக்க. மொதல் வாழ்க்க சரியில்லாம பூட்ச்சி. இப்ப எப்டி இருக்குதுன்னு பாரு. எம்புள்ளகூட ஒரு சண்ட இல்ல. இந்தப் பாப்பா இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது. எந்தக் கதவ அடச்சாலும் அந்த ஆண்டவன் ஒரு சன்னல வச்சிருப்பான் மேடம்."

அதில் ஒரு பொய்யும் இல்லை என்பது லூசியாவுக்குத் தெரிந்தது. இந்தக் கிழவியின் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்கும் என்று ஐந்து வருடமாக எதிர்பார்த்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"தண்ணி போதுதா பாட்டி?" என்று கலைப்பிரியா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "நல்லா போதுது, ஓரளவு, போதல. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"நீ சொல்லும்மா," என்றாள் கிருஷ்ணவேணி மருமகளிடம். "நீதான புடிக்கிற."

"ஓரளவு," என்றாள் இருதயசெல்வி. "ஒரு நாள் போதும். ஒரு நாள் போதாது."

கிளம்பும்போது கிருஷ்ணவேணி அவித்த மல்லாட்டையை ஒரு கவரில் கட்டிக் கொடுத்தாள். வழி காட்டுகிற சாக்கில் இருதயசெல்வி தெருமுனை வரை வந்தாள். கலைப்பிரியா நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்டி இருக்காங்க?"

"முட்டி வலிதான். மத்தபடி நல்லா இருக்காங்க."

"உனக்கு எங்க வூடுன்னு தெரிஞ்சுதான் வந்தியா லூசி?"

"ஊரு தானா விழுந்துச்சி அண்ணி." அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இருதயசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நெறைய நாளு நெனப்பேன். ஒரு தடவ யாராச்சும் வந்து இவளப் பாத்துட்டுப் போவக்கூடாதான்னு. நானா எப்டிக் கூப்புடுவேன்? அவங்க கெட்டவங்க இல்ல லூசி. பயம். புள்ள மனசு மாறிடுமோன்னு. மறுபடி வருவியா?"

"சரிபாக்கறதுக்கு நான் ஒரு தடவ வரலாம். பத்துல ஒரு வூட்ட வாத்தியாரு மறுபடி போயிக் கேக்கணும்னு இருக்குது."

"அப்ப எங்க வூட்ட எடு," என்றாள் அண்ணி. அவள் அப்படி எதையும் கேட்டு லூசியா பார்த்ததில்லை.

*

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலில் சவுக்குத் தோப்புகள் ஓடின. கலைப்பிரியா கேள்வித்தாள்களை மடியில் அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கினாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னிக்கி பென்சிலு மூணு மேலதான இருந்துச்சி?"

லூசியா மடியிலிருந்த மல்லாட்டைக் கவரின் முடிச்சை இறுக்கினாள்.

"நான் கண்ணத் தொறந்தப்ப மூணுதான் இருந்துச்சி. நீங்க அஞ்சுன்னீங்க. சரி, நான்தான் பென்சில அசச்சிட்டேன் போலன்னு நெனச்சேன். அப்புறம் எனக்குக் கண்ணு சரியில்லியோன்னு எங்கம்மாகிட்ட சொல்லிக் கண்ணாடிக் கடைக்குக்கூடப் போனேன் மேடம். பவரு ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

ஆமாம், நீதான் அசைத்துவிட்டாய் என்று சொல்லிவிடலாம். இந்தப் பெண் நம்பிவிடுவாள். தன் கண்ணைவிட ஆசிரியையின் வாயை நம்புகிற வயது. அடுத்த வாரம் சரிபார்க்கப் போகலாம். அண்ணி காத்திருப்பாள்.

"ஒன் கண்ணு சரியாத்தான் இருக்குது," என்றாள் லூசியா. "மூணுதான். நான்தான் அஞ்சுன்னு சொன்னேன்."

"ஏன் மேடம்?"

"அந்த வூட்டுப் பாப்பா எங்க அண்ணன் பொண்ணு. எங்க அண்ணன் இப்ப இல்ல. அவளப் பாக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

பஸ் ஒரு ஆட்டு மந்தைக்காக நின்றது. ஆடுகள் கடந்ததும் பஸ் கிளம்பியது. கலைப்பிரியா கேள்வித்தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். பிறகு மெல்ல, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்," என்றாள்.

"நீ சொல்லாம இருக்கறது எனக்கு வேணாம்மா. அடுத்த சனிக்கெழம மூணுலருந்து மறுபடி போட்டுடலாம். மூணு, பதினொண்ணு, பத்தொம்போது. நம்பர நான் தப்பாப் படிச்சிட்டேன்னு நானே வகுப்புல சொல்லிடறேன்."

"அல்லாரும் பேஜாரு பண்ணுவாங்க மேடம். வெயிலு வேற."

"பண்ணட்டும்."

கலைப்பிரியா அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. லூசியாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் போடுவது என்றால் மறுபடியும் அந்தத் தெருவில் நடக்கலாம் என்பது, சொல்லி முடிக்கும்போதே அவளுக்குள் கணக்காகிவிட்டிருந்தது. எது முதலில் வந்தது, நேர்மையா ஆசையா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கு போட்டு, கேப்பைக் களி கிண்டி இறக்கிவைத்திருந்தாள். லூசியா கவரைப் பிரித்து வைத்தாள். அம்மா ஒரு காயை உடைத்து வாயில் போட்டாள்.

"நல்லா உப்பு போட்டு அவிச்சிருக்குது. எங்க வாங்கின?"

"வாங்கல. வானூரு பக்கம் ஒரு வூட்ல குடுத்தாங்க."

அம்மா மெல்லுவதை நிறுத்தினாள். களிச் சட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. யார் வீடு என்று கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் அவள்.

சற்றுக் கழித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தரையிலிருந்து மேலே மேலே உயர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இம்மாம் இருப்பாளா?"

லூசியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினாள். அம்மா அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டு கையை இறக்காமலேயே இருந்தாள்.

*

வகுப்பில் முணுமுணுத்தார்கள். முத்துசாமி, "நீங்களா மிஸ் தப்பாப் படிச்சீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வேண்டாவெறுப்பாக இறங்கினார்கள். மல்லாட்டை ஆய்ந்து முடியும் கட்டம். தெருவில் கொடிகளைக் காயப்போட்டிருந்தார்கள். மாடுகள் அதை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன.

பதினொன்றாம் வீட்டுக்கு அந்தத் தெருவின் மறுமுனையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. லூசியாவும் கலைப்பிரியாவும் பதின்மூன்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பந்தலடியில் கிருஷ்ணவேணி காய்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம், வாங்க!" என்றாள்.

"இந்தத் தடவ உங்க வூடு இல்லம்மா. நான் நம்பரத் தப்பாப் படிச்சிட்டேன். வேற வூடுங்களுக்குப் போவணும்."

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"அது சேராதும்மா. மன்னிச்சிக்கங்க. உங்கள வீணா ஒக்காத்தி வச்சிட்டேன்."

"சேராதா!" கிருஷ்ணவேணி இடுப்பில் கைவைத்தாள். "அஞ்சு பேர ஒழுங்கா எண்ணிச் சொன்னனே! செரி, போவட்டும். மல்லாட்டயத் திருப்பிக் கேக்க மாட்டேன்."

கதவு நிலையில் சாய்ந்து இருதயசெல்வி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உள்ளே திரும்பி, "ஜெசி, வெளிய வா. மேடம் போறாங்க பாரு," என்றாள்.

ஜெசி ஓடிவந்தாள். "எங்க வூட்டுக்கு வரலியா மேடம்?"

"உங்க வூடு விழலம்மா."

"எந்த வூடு விழுந்துச்சி?"

"பதினொண்ணு."

ஜெசி திரும்பிப் பார்த்து எண்ணினாள். "கோயிந்தம்மா ஆயா வூடா? அது தோ இருக்குது. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். லூசியா கிருஷ்ணவேணியைப் பார்த்தாள்.

"போவட்டும் மேடம். அது எந்நேரமும் அங்கதான் கெடக்கும்," என்று காயைப் பரப்பக் குனிந்தாள் கிருஷ்ணவேணி.

கோவிந்தம்மாள் தனிக்கட்டை. காது மந்தம். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு அவர்களை உட்காரவைத்தாள். லூசியாவுக்கும் கலைப்பிரியாவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஜெசி ஏறி உட்கார்ந்துகொண்டாள். கட்டில் குழிந்தது. குழிந்த பக்கமாகச் சரிந்து, அவள் தோள் லூசியாவின் கையில் வந்து படிந்தது. அவள் நகர்ந்துகொள்ளவில்லை.

"வூட்ல எத்தினி பேரு ஆயா?" என்று கலைப்பிரியா சத்தமாகக் கேட்டாள்.

"ஒருத்திதான். நான் ஒருத்திதான்."

"நான் இந்த வூடு இல்ல," என்று ஜெசி கலைப்பிரியாவிடம் எச்சரித்தாள். "என்னச் சேத்துடாதீங்க அக்கா."

"சேக்க மாட்டேன்."

கலைப்பிரியா ஒன்று என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து லூசியாவைப் பார்த்தாள். கட்டிலின் குழிவில் சாய்ந்திருந்த சிறு பெண்ணைப் பார்த்தாள். கேள்வித்தாளைப் புரட்டி, முதல் பக்கத்துக்கே திரும்பி வந்து, "ஆயா, நான் மறுபடி மொதல்லருந்து படிக்கிறேன். நல்லா யோசிச்சி மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல," என்றாள்.